செடிக்கு எதற்கு மைட்டோகாண்ட்ரியா?

பட்டர்வொர்த் அம்மா: மகள் படிவம் 4, உயிரியல் படிக்கிறாள். செடிக்குத்தான் பசுங்கணிகம் இருக்கிறதே, வெயிலிலிருந்து நேராகச் சக்தி கிடைக்கிறதே, அப்புறம் மைட்டோகாண்ட்ரியா எதற்கு என்று கேட்கிறாள். யாராவது சொல்லுங்களேன்.

கொடிமலைவாசி: நல்ல கேள்வி அக்கா. பசுங்கணிகம் வெயிலில் ஏடிபி, அதாவது செல்லின் வேலைகளுக்குச் சக்தி தரும் மூலக்கூறு, செய்தாலும் அதைப் பெரும்பாலும் அங்கேயே சர்க்கரை தயாரிக்கச் செலவழித்துவிடுகிறது. சரி, இரவில்? மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு? அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் உதவியோடு உடைத்து ஏடிபி எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியாதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இரண்டும் ஏடிபி செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான், எனக்கு இன்றும் அது வியப்பு. எலக்ட்ரான்கள் கைமாறும்போது கிடைக்கும் சக்தியால் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் குவிகின்றன, தெமெங்கோர் அணையில் தண்ணீர் தேங்குவது மாதிரி. அவை திரும்பி வரும் வழியில் இருக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி டர்பைன் போல உண்மையாகவே சுழல்கிறது. பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி 1961-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

பட்டர்வொர்த் அம்மா: அணை என்றதும் மகளுக்குப் புரிந்துவிட்டது சார், நன்றி. அப்படியானால் இலையில் இரண்டும் உண்டா?

கொடிமலைவாசி: உண்டு அக்கா, பகலிலும் இரண்டும் வேலை செய்யும்.