சிறிய பெட்டிக் கணினிக்கு 4,000 ராண்டுக்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

சாட்ஸ்வர்த் மாமா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் மெட்ரிக் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். தேர்வு முடிந்ததும் அவனுடைய கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கணினி டர்பனில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய இயந்திரம். மேசையில் படுக்க வைக்கும் அளவுக்கு ஒல்லியான பெட்டி. உள்ளே ஐ5-6500 புராசசரும், ஒற்றைத் துண்டாக 8 ஜிபி ரேமும், ஓர் எஸ்எஸ்டியும் இருக்கின்றன. பவர் சப்ளையின் மேல் 240 வாட் என்று ஒட்டியிருக்கிறது; அதிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி ஒயர் எதுவும் வரவில்லை. மானிட்டர் 1080பி. பையன் விளையாடுவது பெரும்பாலும் கால்பந்தும் ஃபோர்ட்நைட்டும்தான்.

தனியார் ஒருவர் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை 1,300 ராண்டுக்குத் தருகிறார். புதிதாக வாங்குவதானால் ஆர்எக்ஸ் 6400, ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டைச் சொல்கிறார்கள். இன்னொருவரோ, பெரிய கார்டையே வாங்கி, ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து மாற்று இணைப்பான் போட்டு மின்சாரம் கொடுத்துவிடலாம் என்கிறார். என் கையில் இருப்பது 4,000 ராண்ட். முழுவதையும் கார்டுக்கே செலவழிக்கலாமா?

டோங்காட் பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. கடைசியாகச் சொன்ன யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். ஹார்டு டிஸ்குக்கு வரும் சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 54 வாட்டுக்குத்தான் கணக்கிடப்பட்டது. கார்டின் ஆறு முனை இணைப்போ 75 வாட் வரை கேட்கலாம். இரண்டையும் கோத்துவிட்டால் மணிக்கணக்காக விளையாடும்போது இணைப்பான் சூடேறி உருகிவிடும். அப்படி உருகியவற்றைப் பட்டறையில் நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் பெட்டிக்குத் தேவையானது மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் கார்டு. அந்த ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். உங்கள் புராசசரின் கணக்கு 65 வாட்; அதோடு 70 வாட் கார்டையும், மதர்போர்டு, எஸ்எஸ்டி, விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 வாட்டையும் கூட்டினாலும் 175தான் வருகிறது. 240 வாட் பவர் சப்ளை நல்ல நிலையில் இருந்தால் இதைத் தாங்கும். இதே வகைப் பெட்டிகளில் சிலவற்றுக்கு 180 வாட் பவர் சப்ளைதான் வரும். உங்களுடையது அப்படி இல்லாதது நல்லதாயிற்று.

ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கின்றன என்பதைக் கவனியுங்கள். 2022இல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும். அதற்குத் தனி ஒயர் வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு ஒயர் தேவையில்லை. வேகத்தில் 6 ஜிபி கார்டு பின்தங்கியதுதான், ஆனால் உங்கள் பெட்டியில் ஓடக்கூடியது அது ஒன்றுதான். விளம்பரத்தில் வெறுமனே 3050 என்று போட்டிருந்தால் எத்தனை ஜிபி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அதிலும் உயரம் குறைந்த வடிவத்தையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு 12 சென்டிமீட்டர். உங்கள் பெட்டியின் திறப்பு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்தக் கார்டுகள் இரண்டு ஸ்லாட் தடிமனில் வருவதால், நீளமான ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்லாட்டின் இடம் காலியாக இருக்கிறதா, பவர் சப்ளை இடிக்கிறதா என்று மூடியைத் திறந்து அளந்து பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு அளப்பவர்களே அதிகம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தங்கை எழுதியது:

மாமா, என்னிடம் இருப்பதும் ஏறத்தாழ இதே கணினிதான். சென்ற ஆண்டு நான் ஆர்எக்ஸ் 6400 வாங்கினேன். 53 வாட்தான் எடுக்கும், ஒற்றை ஸ்லாட்டில் அடங்கும், சத்தமும் இல்லை என்று மகிழ்ச்சியாகப் பொருத்தினேன். ஆனால் அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு தடங்களை மட்டுமே வைத்திருக்கிறது. கார்டு ஸ்லாட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸில் 4.0 பதிப்பு உள்ள புதிய கணினியில் அது போதும். நம்முடைய ஆறாம் தலைமுறை இயந்திரங்களில் இருப்பதோ 3.0, அதில் அந்த நான்கு தடங்களின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பும்வரை எதுவும் தெரியாது. நிரம்பியதும் கணினியின் ரேமிலிருந்து அந்தக் குறுகலான வழியில் எடுத்து வர வேண்டியிருப்பதால் படம் திக்கித் திக்கி நகரும். தரத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் நான் சமாளித்தேன். விளையாட்டைப் பதிவுசெய்து நண்பர்களுக்கு அனுப்ப நினைத்தபோதுதான், அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் வன்பொருளே இல்லை என்பது தெரிந்தது.

3050இன் 6 ஜிபி கார்டு எட்டுத் தடங்களில் இயங்குவதால் 3.0 ஸ்லாட்டிலும் இந்தத் தொல்லை பெரிதாக இராது. இன்டெலின் ஆர்க் ஏ380 கார்டை யாராவது சொன்னால் அதையும் தவிர்த்துவிடுங்கள்; ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவுவது) என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதன் வேகம் வெகுவாக விழுந்துவிடும்.

மெரிபேங்க் அண்ணன் எழுதியது:

பழைய 1050 டிஐ பற்றி ஒரு வார்த்தை. அது 2016இல் வந்த கார்டு. அதைத் தயாரித்த என்விடியா அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருளை) 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும். போதாக்குறைக்கு அந்தப் பெயரில் போலிகளும் சுற்றுகின்றன. அதைவிடப் பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி விற்றுவிடுகிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நம் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் இருந்த கார்டானால் தகட்டிலும் திருகுகளிலும் துருவையும் பாருங்கள்.

கடையில் வாங்கும் பொருளில் குறை தெரிந்தால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதங்களுக்குள் பழுதுபார்த்தோ, மாற்றியோ, பணத்தைத் திருப்பியோ தரும்படி கேட்கலாம். தன் பழைய கார்டை ஒரு முறை விற்கும் தனியாரிடம் அந்த உரிமை கிடைக்காது. இணையத்தில் வாங்கினால் ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டிக்குள் நுழையுமா என்ற ஐயம் இருக்கும்போது அந்த ஏழு நாள் பெரிய துணை.

சாட்ஸ்வர்த் மாமா எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. மூடியைத் திறந்து அளந்து பார்த்தேன்: பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கிறது, பவர் சப்ளையும் இடிக்கவில்லை. ஒன்றுதான் மனத்தில் உறுத்துகிறது. இந்தப் புராசசரில் விண்டோஸ் 11ஐ முறைப்படி போட முடியாது என்கிறார்கள். இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு இவ்வளவு செலவு தகுமா?

டோங்காட் பட்டறை எழுதியது:

தகும் ஐயா, கார்டை அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்ல முடியும் என்பதால். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது உண்மைதான். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் புராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு விண்டோஸ் 10இல் 2026 அக்டோபர் வரை விளையாட்டு டிரைவர்களைத் தருவதாக என்விடியா அறிவித்திருக்கிறது. பையன் கல்லூரியில் சேர்ந்து நிலைகொள்வதற்குள் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

பணம் முழுவதையும் கார்டில் போட்டுவிட வேண்டாம். ஒற்றை 8 ஜிபி துண்டோடு இன்னொரு 8 ஜிபி துண்டைச் சேர்த்தால் ரேம் இரட்டைத் தடத்தில் ஓடும், திக்கல் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். உங்கள் மதர்போர்டு கேட்கும் ரேம் வகை டிடிஆர்4ஆ, டிடிஆர்3எல்லா என்று பழைய துண்டின் ஒட்டுச் சீட்டைப் பார்த்தே வாங்குங்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில்தான் பவர் சப்ளைகள் அதிகம் போகின்றன. ஆகவே மீதிப் பணத்தில் மின்னெழுச்சியைத் தடுக்கும் ஒரு பிளக்கும் வாங்கிவிடுங்கள். கார்டோடு வரும் உயரமான தகட்டைத் தூக்கி எறியாமல் அதன் திருகுகளோடு பையில் போட்டு வையுங்கள். பெரிய பெட்டிக்கு மாறும் நாளில் அது இல்லாமல் கார்டு நிற்காது.