இசைக்கும் படத்துக்கும் தனிப் புரொசெசர் தேவையா?

கிளிநொச்சி இரசிகன்:
அனைவருக்கும் வணக்கம். புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டில் 14 அடிக்கு 14 அடி அறையொன்றைப் பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்குமென ஒதுக்கியிருக்கிறேன். நெடுங்காலமாகப் பழகிய ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்றும் அதற்குரிய ஒரு சோடி ஸ்பீக்கரும் என்னிடம் உண்டு. நடுவுக்கும் பக்கங்களுக்குமாக மூன்று ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் அண்மையில் வாங்கினேன். நான் கேட்பதில் பெரும்பங்கு நாதஸ்வரமும் கர்நாடகக் கச்சேரிகளுமே; படம் வார இறுதியில் மட்டும். ரொறன்ரோவிலிருந்து அடுத்த மாதம் வரும் மைத்துனர், மரான்ட்ஸ் ஏவி 7706 போன்ற தனிப் புரொசெசர் (படத்தின் ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்றைக் கொண்டுவர ஆயத்தமாக இருக்கிறார். புரொசெசரும் அம்பிளிபயரும் ஒரே பெட்டியில் உள்ள ரிசீவரைவிட அதில் இசை தெளிவாக இருக்குமா?

வவுனியா வானொலி:
தம்பி, தனிப் புரொசெசருக்குள் ஸ்பீக்கரை இயக்கும் அம்பிளிபயர் கிடையாது. ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து சனல் வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு. ஆகவே புரொசெசரின் விலையோடு இன்னும் மூன்று சனலுக்கான விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். முன் இரண்டு சனல்களுக்கும் பிரீ-அவுட் (ஒலியை வேறு அம்பிளிபயருக்கு அனுப்பும் துளை) உள்ள நடுத்தர ரிசீவர் ஒன்று உங்களுக்குப் போதும் என்பதே என் கருத்து. அந்தப் பிரீ-அவுட்டை உங்கள் ஸ்டீரியோ அம்பிளிபயருக்குக் கொடுத்தால், படம் பார்க்கும்போது அதுவே முன் ஸ்பீக்கர்களை இயக்கும். பாட்டுக் கேட்கும்போது ரிசீவரை நிறுத்திவிட்டு, சீடி பிளேயரை நேரே ஸ்டீரியோவிலேயே கேட்கலாம். அம்பிளிபயரில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (ரிசீவரிலிருந்து வரும் ஒலியைத் தன் வொல்யூமைத் தவிர்த்து நேரே விடும் வசதி) இல்லாவிட்டால், படத்தின்போது அதன் வொல்யூமை எப்போதும் ஒரே குறியில் வையுங்கள். இல்லையேல் ரிசீவர் அளந்து வைத்த ஒலிச் சமநிலை குலைந்துவிடும்.

முல்லைத்தீவு வாசகி:
அண்ணா, பெட்டியைத் தெரிவுசெய்ய முன்னர் அறையைப் பாருங்கள். நீளமும் அகலமும் 14 அடியாக இருப்பதால், இரு திசையிலும் ஏறத்தாழ 40 ஹேர்ட்ஸ் தாழ்சுருதியில் ஒலியலை சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். நட்ட நடுவில் கதிரையைப் போட்டால் அந்தத் தாழ்சுருதி காணாமற்போகும். பின்சுவரோடு ஒட்டினால் வீங்கி இரையும். மைக்கால் அறையின் ஒலியை அளந்து சரிசெய்யும் டிராக், ஓடிசி போன்ற அறைத் திருத்தங்கள் வீக்கத்தைக் குறைக்குமே தவிர, காணாமற்போனதை மீட்டுத் தருவதில்லை. பின்சுவரிலிருந்து ஐந்தடி அளவில் கதிரையை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூடம் சீமெந்துச் சுவரும் மாபிள் தரையுமானது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனால் காது கூசும். சிறுபோக அறுவடை முடிந்து ஒரு சுவர் நெடுக நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த மூன்று வாரமும், அதே ஒலித்தட்டு, அதே ரிசீவரில் அவ்வளவு இதமாக ஒலித்தது. மூட்டைகள் ஆலைக்குப் போன மாலையே கூச்சம் திரும்பிவிட்டது. அதன்பின் தடித்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கினேன். எந்தப் பெட்டியும் எனக்குத் தராத தெளிவை அவை தந்தன.

ஓமந்தை மின்னியலாளர்:
கனடாவில் விற்கப்படும் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கானவை. நம்முடையது 230 வோல்ற். மைத்துனரிடம் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ற்றை மாற்றும் கருவி ஒன்றை வைத்துப் பாவிக்கலாம் என்றாலும், பழுதுபட்டால் அங்குள்ள உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் உதவாது.

ஐப்பசி இடிமின்னலையும் மறக்க வேண்டாம். சென்ற ஆண்டு நான் பிளக்கைக் கழற்றினேன், ஆனால் டிஷ் வயரைக் கழற்றவில்லை. மின்னல் அந்த வயர் வழியே வந்து, எச்டிஎம்ஐ கேபிளால் ரிசீவருக்குள் புகுந்தது. திறந்து பார்த்தபோது எச்டிஎம்ஐ துளைகளுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு கரித்தழும்பு மட்டுமே தெரிந்தது. படமும் வரவில்லை, ஒலியும் வரவில்லை. முகிற்கூட்டம் கறுக்கத் தொடங்கியதும் இரண்டையும் கழற்றுங்கள். எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சி இரசிகன்:
மூவருக்கும் நன்றி. மைத்துனரிடம் வேண்டாமென்று இன்றிரவே சொல்லிவிடுகிறேன். பிரீ-அவுட் உள்ள 230 வோல்ற் ரிசீவரைக் கொழும்பில் பார்க்கிறேன். கதிரையை ஐந்தடி முன்னே இழுத்துப் பார்த்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலி முதன்முறையாகத் தனித்துக் கேட்டது. திரைச்சீலைக்கு நாளை அளவெடுக்கிறேன். சகோதரி, சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளித் தொங்கவிட்டீர்கள்?