மேல் ரோட்டால் வந்தால் மூன்றாம் மாடி, கீழ் ரோட்டால் வந்தால் தரைத்தளம்: வழிகாட்டிப் பலகை எப்படி வைப்பது?

கொட்டகலைப் பொடியன்:
இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வழிகாட்டிப் பலகை செய்யும் வேலை வந்திருக்கிறது. நம்ம ஊர்க் கட்டடம்தானே, சரிவில் நிற்கிறது. கீழே பஸ் நிற்கிற பக்கத்தால் வந்தால் தரைத்தளம், மேல் ரோட்டால் வந்தால் நுழைவதே மூன்றாம் மாடி. கிளினிக் இரண்டாம் மாடியில் என்றதும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மாமார் படி ஏறப் பார்க்கிறார்கள், இறங்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழியும் வேண்டும், சுவரோ குறுகல். எங்கே தொடங்குவது?

பதுளை அக்கா:
தம்பி, அம்புக்குறி அப்புறம் இருக்கட்டும், முதலில் தளத்துக்குப் பெயர் வையுங்கள். "தரைத்தளம்" என்ற சொல்லே வேண்டாம். அடியிலிருந்து 1, 2, 3, 4, லிஃப்ட் பொத்தானிலும் அதே எண். மேல் வாசலில் "நீங்கள் நிற்பது தளம் 4, கிளினிக் தளம் 3, கீழே இறங்கவும்" என்று கண்ணில் அடிக்கிற மாதிரிப் போடுங்கள். அப்புறம் அந்தக் கட்டடத்துக்கே வராத ஒருவரை இரண்டு வாசலாலும் நடக்கவிட்டு, நீங்கள் வாயே திறக்காமல் பின்னால் போங்கள். அவர் எங்கே நின்று முழிக்கிறாரோ அங்கேதான் பலகை. வேறு வழியே இல்லாத நேர் நடையில் பலகை வைப்பது வீண் செலவு.

போர்ட்கடை:
அக்கா சொன்னது சரி, ஆனால் அம்பையும் விட முடியாது. மேல் நோக்கிய அம்பு என்றால் பொதுவில் "நேரே போ". அதையே படிக்கட்டுப் பக்கத்தில் வைத்தால் "ஏறு" ஆகிவிடும். அங்கே படிக்கட்டுப் படத்தோடு சாய்ந்த அம்பு போடுங்கள். எழுத்து உயரம், 7, 8 மீட்டர் தூரத்துக்குக் குறைந்தது 25 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. தமிழில் சுழியும் கொம்பும் இருப்பதால் நான் கூட்டித்தான் வைப்பேன். இன்னொன்று, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோட் எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, தமிழ் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

மழைக்கோட்:
இடம் போதாவிட்டால் சொல்லைக் குறையுங்கள், தமிழைச் சுருக்காதீர்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்க வேண்டியதில்லை. கழிவறை, லிஃப்ட் மாதிரியானவற்றுக்கு ஐஎஸ்ஓ 7001 என்ற சர்வதேசத் தரத்தின் படக்குறிகள் இருக்கின்றன. ஆனால் வாசிக்கத் தெரியாதவருக்கு எல்லாப் படமும் புரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

கொட்டகலைப் பொடியன்:
தளத்துக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேல் வாசலால் போகிறேன், அவர் அங்கே போனதே இல்லை. வாயை மூடிக்கொண்டு பின்னால் நடப்பதுதான் கஷ்டம்.