இதயத்தில் உலோக வால்வோடு இருபது ஆண்டு கடந்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி (ஒன்பது மாதக்காரன்):
இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்து உலோக வால்வு வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. வயது 44. நெஞ்செலும்பு கூடிவிட்டது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் விளக்கை அணைத்ததும் உள்ளே டிக், டிக். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள்ளிருந்தே கேட்கிறது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்று மருத்துவரைக் கேட்டால், "உங்களைவிட அதிக நாள்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் (பழைய நோயாளி):
தம்பி, எனக்கும் மைட்ரல்தான். 2004-இல் வைத்தார்கள், அப்போது எனக்கு 36 வயது. உலோகம் என்று பெயர்தானே தவிர, திறந்து மூடும் இதழ்கள் கார்பன். அவை தேய்ந்ததாக எந்த எக்கோ ஸ்கேனிலும் வந்ததில்லை. வம்பெல்லாம் ரத்தத்தில்: வால்வில் அது உறைந்து கட்டியாகாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார்கள். அதைக் குறித்துவைக்கும் நோட்டில் நான்காவது ஓடுகிறது. ஏழாம் ஆண்டில் ஈறு வீக்கத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். நான் வார்ஃபரின் சாப்பிடுவதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மூக்கில் வழிந்த ரத்தம் இரண்டு துண்டுகளை நனைத்தும் நிற்கவில்லை. ஐஎன்ஆர் 7.8: அந்த மாத்திரை வார்ஃபரினின் வேலையை அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டது. அன்றிலிருந்து புது மாத்திரை எது வந்தாலும், நான்கைந்து நாளில் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுவேன்.

அந்தச் சத்தத்தைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பதினான்காம் ஆண்டில் ஓர் இரவு அது தாளம் தப்பியது: இரண்டு அடுத்தடுத்து, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று. காலையில் ஈசிஜி எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. எனக்குப் படபடப்பே இல்லை, காதுதான் கண்டுபிடித்தது. இன்னொன்று: கணீரென்று இருக்கும் ஒலி திடீரென்று மங்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வால்வில் ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்கலாம். உடனே அவசரப் பிரிவு.

பதில் (திசு வால்வு):
எனக்கு 58 வயதில் அயோர்டிக் என்ற இன்னொரு இதய வால்வின் இடத்தில், விலங்குத் திசுவால் செய்த வால்வு. சத்தமும் இல்லை, வார்ஃபரினும் இல்லை. பன்னிரண்டாம் ஆண்டில் சுருங்கிவிட்டது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பழையதற்குள்ளேயே புதியதைப் பொருத்தினார்கள், மூன்றாம் நாள் வீட்டில் இருந்தேன். எங்கள் வால்வு தேய்வது காதுக்குத் தெரியாது. ஆண்டுக்கொரு எக்கோதான் சொல்லும்.

ஒன்பது மாதக்காரன்:
அக்கா, ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவாமே?

பழைய நோயாளி:
நமக்கு இல்லை. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரனை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். வார்ஃபரினைவிட ரத்தக்கட்டியும் கூடுதல், ரத்தக்கசிவும் கூடுதல். நாம் பழைய மாத்திரையோடுதான். பல் பிடுங்கப் போனால், ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பதை நீங்களே கேளுங்கள். கீரையை விட்டுவிடாதீர்கள், அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதால் வாரத்துக்கு வாரம் கீரையின் அளவை மட்டும் மாற்றாதீர்கள். இடப்பக்கம் படுக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது.