பிஓஇ கன்வெர்ட்டருக்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ பசங்களுக்கு வயர்லெஸ் ரேடியோ (காத்து வழியா நெட் அனுப்புற கருவி) மாட்டுற கையேடு தமிழ்ல போட்டுட்டிருக்கோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பிஓஇ, இன்ஜெக்டர், கன்வெர்ட்டர் மூணுக்கும் சொல் வேணும். மொட்டை மாடி கம்பத்துல இருக்கிற ரேடியோவுக்கு தனியா கரண்ட் லைன் இழுக்காம நெட் கேபிள்லயே அனுப்புறோம்ல, அதான் பிஓஇ, பவர் ஓவர் ஈதர்நெட். கேபிள்ல கரண்ட்டை ஏத்துற டப்பா இன்ஜெக்டர். சுவிட்ச் 48 வோல்ட் தரும், ரேடியோ நிறைய 24 வோல்ட் பேசிவ் (எதிர்ல என்னன்னு சோதிக்காம கரண்ட் விடுற முறை), நடுவுல போடுற சின்ன டப்பா கன்வெர்ட்டர். 'மின்மாற்றி'ன்னா பையன் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத்தான் நெனப்பான்.
செ.

> மூணுக்கும் சொல் வேணும்

தம்பி, வடம் + மின், மகரம் கெட்டு 'வடமின்'. இன்ஜெக்டர் 'வடமின்னூட்டி'. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், சந்தியும் சுத்தமா இருக்கு.
ப.

> வடமின்

வட இந்தியாவுலேர்ந்து வர்ற கரண்டா ஐயா? :) மின்னூட்டம்னா பள்ளிக்கூட புத்தகத்துல எலக்ட்ரிக் சார்ஜ், அதுவும் இடிக்குது.
ரா.

ஈதர்நெட்ல வர்ற ஈதர்ங்கிறதே நம்ம ஈதல்தான்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். ரேடியோ இரக்குது, சுவிட்ச் ஈயுது. ஈ, தா, கொடு மூணுல இழிந்தோன் கேக்குறது 'ஈ'ன்னு தொல்காப்பியரே சொல்லிட்டார். அதனால 'ஈமின்'.
கோ.

> ஈமின்

அது பன்மை ஏவல் வினைமுற்றுங்க, 'கொடுங்க'ன்னு அர்த்தம்.
ரா.

அதனாலதானே சொன்னேன்!
கோ.

ஈதர் கிரேக்கச் சொல்லுங்க. ஒளி போறதுக்கு ஊடகம்னு பழைய இயற்பியல்காரங்க நம்புன ஈதரை வச்சு, ஈதர்நெட்டை உருவாக்குன மெட்காஃப் 1973ல வச்ச பேரு, ஈதலுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா இரக்குறதுங்கிறது பாதி சரி. 802.3ஏஎஃப்ங்கிற பிஓஇ தரப்படி செஞ்ச சுவிட்ச் முதல்ல கொஞ்சூண்டு வோல்டேஜ் விட்டு, எதிர்ல 25 கிலோ ஓம் மின்தடை தெரியுதான்னு பாக்கும், தெரிஞ்சாதான் 48 விடும். அதனால 24 பேசிவ் ரேடியோவை அதுல நேரா சொருகினா எரியாது, சும்மா செத்துக் கெடக்கும், அதுக்குத்தான் கன்வெர்ட்டரே. பேசிவ் இன்ஜெக்டர் யாரு என்னன்னு கேக்காது, சொருகுன உடனே கேபிளோட 4, 5ம் கம்பியில பாசிட்டிவ், 7, 8ம் கம்பியில நெகட்டிவ், கரண்ட் போயிட்டே இருக்கும், 48 வோல்ட் பேசிவை 24 ரேடியோவுல போட்டா போர்டு காலி. பையனுக்குப் புரிய வேண்டியது இந்த வித்தியாசம், அதை விட்டுட்டு வேர்ச்சொல் தோண்டிட்டிருக்கோம். தயவுசெஞ்சு பேசிவை 'செயலற்ற'ன்னு போடாதீங்க, வேலை செய்யாத இன்ஜெக்டர்னு கடைக்குத் திருப்பி அனுப்பிடுவான்.
மு.

ஆராயாம குடுக்குறதால 'தேரா மின்'. கண்ணகி கோவிச்சுக்க மாட்டா.
கோ.

இது நல்லாருக்கே!
ரா.

நல்லாருக்கு, ஆனா ஐடிஐ பையனுக்கு அதுக்கும் ஒரு உரை எழுதணும்.
மு.

நேரமாயிடுச்சு, நீங்க சொன்னதையெல்லாம் பாத்து இப்படி வச்சுக்குறேன். பிஓஇ அப்படியே, இன்ஜெக்டர் 'மின்செலுத்தி', கன்வெர்ட்டர் 'பிஓஇ மாற்றி', பேசிவ் 'சோதிக்காமல் தருவது'. எல்லா டப்பா படத்துலயும் வோல்ட்டை பெருசா போட்டுடுறேன்.
செ.

மாற்றி எதுக்கு? 48 உள்ள போய் 24 வருது, குறைக்கத்தானே செய்யுது. 'மின்குறைப்பி'. வடமின்னையும் நான் விட்டுக்கொடுக்கல தம்பி, அடுத்த பதிப்புல பாப்போம்.
ப.