தைரொக்சினோடு எல்-கார்னிடின் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 43. தினமும் காலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன், எடை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. ஜிம்முக்குப் போகும் தம்பி ஒரு போத்தல் எல்-கார்னிடின் கொண்டுவந்து, "அக்கா, இது கொழுப்பை எரிக்கும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வாசித்துப் பார்த்தேன். இது எரிக்கிற சாமான் இல்லை, சுமக்கிற சாமான். நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்குள் தாமாக நுழைய முடியாதாம். கார்னிடின்தான் அவற்றை உள்ளே கொண்டுபோய் விடுகிறது. அங்கே அவை எரிந்தால்தான் கலத்துக்குச் சக்தி. சரி, ஆனால் ஈரலும் சிறுநீரகமும் லைசின், மெதியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து இதைத் தாமே செய்துகொள்கின்றனவே? நான் சைவம். இறைச்சியில்தான் கார்னிடின் அதிகம் என்பதால் எனக்குக் கட்டாயம் தேவை என்கிறான் தம்பி. எனக்கு அது அவ்வளவாக நம்பிக்கையில்லை.

உண்மையான பயம் வேறு. தைரொயிட் குறைவுக்குக் காலையில் தைரொக்சின் போடுகிறேன். தைரொயிட் ஹோர்மோன் கலங்களில் வேலை செய்வதைக் கார்னிடின் தடுக்கலாம் என்று வாசித்ததிலிருந்து போத்தலைத் திறக்கவில்லை. கிளினிக் அடுத்த மாதம்தான்.

இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள், டொக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். குழுவில் மருந்தாளர்கள் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் எடுத்தால் உடம்பில் மீன் வாடை வருமாமே, உண்மையா? பஸ்ஸில் நெரிபட்டு வேலைக்குப் போகிறவள் நான்.