விரலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு: ஊனக் காப்பீடு எடுத்தவர்களின் அனுபவப் பகிர்வு

குடமுருட்டிக்காரன்

தனிநபர் விபத்துக் காப்பீட்டில் எந்த உறுப்பு போனால் காப்பீட்டுத் தொகையில் எத்தனை விழுக்காடு என்ற அட்டவணையை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா தவில் வாசிப்பவர். திருவையாற்றுப் பக்கம் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு, நண்பரின் இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து திரும்பும்போது வண்டி சறுக்கி, வலக்கை ஆட்காட்டி விரலின் மேலிரண்டு கணுக்கள் போய்விட்டன. ஐந்து லட்ச ரூபாய்க்குப் பாலிசி இருந்தது. அந்த விரல் முழுவதும் போயிருந்தால் 10 விழுக்காடு, இரண்டு கணு என்றால் 8, ஒரு கணு என்றால் 4. ஆகவே 40,000 ரூபாய் என்று கணக்கு முடிந்தது.

பணம் குறைவு என்பது என் மனத்தை அறுக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் சித்தப்பா வாய் திறந்து வாதிடவில்லை. சட்டைப்பையிலிருந்து தவில் கூடுகளை எடுத்து மேசைமேல் வைத்து, வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டினார். ஆட்காட்டி விரலுக்குரிய கூடு மட்டும் நிற்காமல் கழன்று அந்த அட்டவணையின் மேலேயே விழுந்தது. எதிரிலிருந்த அதிகாரி அதை எடுத்து மரியாதையாக அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, பிரீமியம் போடும்போதுதான் தொழிலைக் கேட்போம், இழப்பீடு போடும்போது விரலை மட்டும்தான் பார்ப்போம்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். தவில்காரருக்கும் தானியக்கடைக்காரருக்கும் ஆட்காட்டி விரல் ஒரே விலைதானா என்பதை அன்றிலிருந்து யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

நெசவாளி மகள், திருபுவனம்

குடமுருட்டிக்காரன் அவர்களின் சித்தப்பாவுக்காவது ஓர் அட்டவணை இருந்தது. என் அப்பா பட்டு நெசவாளி. தறியில் அமர்ந்திருக்கும்போதே பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அவர் தொடக்கத்திலிருந்தே இருந்தார். ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்து 2022 ஜூனிலிருந்து 20 ரூபாயான அந்தத் தொகை ஒவ்வொரு ஆண்டும் கணக்கிலிருந்து தவறாமல் போயிருக்கிறது. இரு கைகளோ இரு கால்களோ இரு கண்களோ, அல்லது ஒரு கண்ணும் ஒரு கையும் போனால் இரண்டு லட்சம், ஒன்று மட்டும் போனால் ஒரு லட்சம் என்பதைப் படித்துவிட்டு, ஒரு கையும் ஒரு காலும் போன அப்பாவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க அவரையும் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்தவர் கெட்ட மனிதர் அல்லர். விபத்தினால் நேர்ந்தால் மட்டுமே பணம், நோயினால் என்றால் கிடையாது என்று விளக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தறிக்குழியில் இறங்கும்போது கால் தவறி விழுந்தார், அதனால் இப்படி ஆனது என்று ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டார். எங்கள் மேல் இரங்கித்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்வதற்குள் அப்பா இடக்கையைத் தூக்கி இல்லை என்று ஆட்டினார். வாய் பேச முடியாத நிலையிலும் அத்தனை வேகமாக அவர் மறுத்தது எனக்குப் பெருமையா வருத்தமா என்பது இன்றுவரை தெளியவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் பக்கவாதம் என்றே இருப்பதால் எப்படி எழுதியிருந்தாலும் அது நின்றிருக்காது என்பது வேறு விஷயம்.

பட்டியலிலுள்ள கடும் நோய் வந்தால் மொத்தமாகப் பணம் தரும் தீவிர நோய்க் காப்பீடு எடுத்திருந்தால் பக்கவாதத்துக்குப் பணம் கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. நரம்புக் குறைபாடு மூன்று மாதமாவது நீடிப்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. அப்பாவின் நிலை அதைத் தாண்டிப் பல மடங்கு போய்விட்டது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் அப்படியொரு பாலிசி உண்டு என்பதை யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

முன்னாள் முகவர், மன்னார்குடி

முதல் பதிவுக்கு மறுமொழி. அந்த அதிகாரி எதையும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. கட்டை விரல் முழுவதும் போனால் 25 விழுக்காடு, சுண்டு விரலுக்கு 4 என்று முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருப்பதால்தான் விபத்துக் காப்பீட்டின் பிரீமியம் இவ்வளவு மலிவாக இருக்கிறது. ஒவ்வொருவரின் தொழிலையும் எடைபோட்டுப் பணம் கொடுப்பதென்றால் தவில்காரருக்கு அந்தப் பாலிசியை விற்கவே மாட்டார்கள். இதை அநியாயம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. நான் பாலிசி போட்டுக் கொடுத்த ஒருவர் அரிசி ஆலையில் பெல்ட்டில் சிக்கி வலக்கையை மணிக்கட்டோடு இழந்தார். ஒரு கைக்கு 50 விழுக்காடு. காசோலையும் தாமதமின்றி வந்தது. அதை இடக்கையால் வாங்கிக்கொண்டு, "மீதி ஐம்பதை எதற்காக வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அது இருக்கட்டும்.

இனி எடுக்கப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உறுப்பு போனால்தான் வருமானம் போகும் என்பதில்லை. எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருப்பதுதான் அதிகம் நடப்பது. அதற்குத் தற்காலிக முழு ஊனம் என்ற பிரிவில் வாரந்தோறும் ஒரு தொகை கொடுப்பார்கள். பல பாலிசிகளில் அது காப்பீட்டுத் தொகையில் வாரத்துக்கு 1 விழுக்காடு, அதற்கும் ஓர் உச்சவரம்பு, அதிகபட்சம் 100 வாரம் என்று இருக்கும். ஆனால் தானாக வராது. கேட்டுச் சேர்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் விற்கும் சரள் சுரக்ஷா பீமா பாலிசியிலும் (இரண்டரை லட்சம் முதல் ஒரு கோடி வரை) இந்த வாரத்தொகை விருப்பப் பிரிவுதான். முகவர் அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் நீங்கள் பேசுங்கள்.

அடுத்து, வண்டிக் காப்பீட்டோடு சேரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு. 2018-இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பையொட்டி உயர்த்தப்பட்ட இந்தத் தொகை உரிய ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே செல்லும். பின்னால் அமர்ந்து வந்த தவில்காரருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. பின்னிருக்கைக்குத் தனியாகக் கட்டினால்தான் உண்டு. ஆயுள் காப்பீட்டோடு இணைக்கும் ஊனத் துணைப்பிரிவில் வேறொரு சிக்கல். 'எந்த வேலையும் செய்து வருமானம் ஈட்ட இயலாத நிலை' என்று எழுதியிருந்தால், தறியில் உட்கார முடியாதவர் பெட்டிக்கடையில் உட்கார முடியும் என்று சொல்லி மறுக்க இடமுண்டு. 'தான் செய்துவந்த தொழிலைச் செய்ய இயலாத நிலை' என்றிருப்பதைத் தேடுங்கள், நம் நாட்டில் அது அரிது. வருமான வரிக் கணக்கு காட்டாதவருக்குப் பெரிய தொகைக்குப் பாலிசி தரத் தயங்குவார்கள் என்பதால், நிலம் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்களும் கச்சேரிக் கலைஞர்களும் சிறிய வருமானமாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்குவது நல்லது. தொழிலை மாற்றி எழுதாதீர்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர் 'விவசாயம்' என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு அதை வைத்தே மறுப்பார்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி, பதில் சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையான தகராறுகளை அவர் விசாரிக்கலாம்.

குமாஸ்தா, தஞ்சாவூர்

முன்னாள் முகவர் ஐயா எழுதிய அறிவுரை பயனுள்ளது, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. குடமுருட்டிக்காரன் கேட்டது வேறு. அட்டவணை மலிவானது என்பதனால் அது அளக்க வேண்டியதை அளக்கிறது என்று ஆகிவிடாது. நான் மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் இருக்கிறேன். இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய உழைப்புத் திறன் முழுவதுமே போய்விட்டது என்று 1970-களிலேயே உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில், மருத்துவர் எழுதும் ஊன விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பின் விழுக்காடாக எடுக்கக் கூடாது என்றும், அதே கை இழப்பு ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறத்தாழ முழு இழப்பாகவும் அரசு எழுத்தருக்கு வேலை போகாத நிலையாகவும் இருக்கலாம் என்றும் விளக்கியது. ஆக, கேள்வி நியாயமானதே.

பாபநாசத்துப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர், எதிரே வந்த வண்டி மோதி வலது முழங்கால் மடங்காமல் போனவர், ஒரே வாரத்தில் எங்களிடம் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். ஒன்றில், இனி கனரக வாகனம் ஓட்ட இயலாது என்பதைக் கணக்கில் கொண்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் கண்ட இழப்பு. மற்றொன்றில், கால் துண்டிக்கப்படவில்லை என்பதால் அவருடைய சொந்த விபத்துக் காப்பீட்டு நிறுவனம் கண்ட சிறு விழுக்காடு. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது சார் என் கால்?" என்றார். எங்கள் வழக்கறிஞர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. எதிராளியின் தவறு இருந்தால்தான் தீர்ப்பாயம் இப்படி வருமான இழப்பு முழுவதையும் கணக்கிடும், தானாக வழுக்கி விழுந்தவருக்கு அட்டவணை ஒன்றே கதி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மயிலாடுதுறை வாசகர்

நோயினால் முடங்கிய அப்பாவுக்குப் பணம் கிடைக்கவில்லை என்று திருபுவனத்துச் சகோதரி எழுதியதைப் படித்தபோது என் தம்பியின் நினைவு வந்தது. என் தம்பி ஒரு தனியார் தொழிற்சாலையில் இருந்தான். காசநோய் வந்தபோது அவனுக்குக் கைகொடுத்தது எந்தப் பாலிசியும் அன்று, சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடுதான். சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால், அதற்குப் பிறகும் 80 விழுக்காடு தொடரும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குத்தான் இது.

குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகு அவனுக்கு ஊதிய உயர்வு வந்து அந்த வரம்பைத் தாண்டியது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவன் மட்டும் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இனி நான் படுத்தால் யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டான். கூடுதலாக வந்தது மாதம் சில நூறு ரூபாய். அந்தப் பணத்தில் வெளியில் அதே காப்பை வாங்க முடியுமா என்று விசாரித்தோம். நோய்க்காக மாதாமாதம் ஊதியம் போலக் கொடுக்கும் ஒன்றையும் எங்களிடம் யாரும் காட்டவில்லை. காட்டியவை எல்லாம் மொத்தமாக ஒரு முறை கொடுப்பவை, அவற்றிலும் காசநோய் பட்டியலில் இல்லை.

நெசவாளி மகள், திருபுவனம்

முன்னாள் முகவர் ஐயாவுக்கு: பெட்டிக்கடை உதாரணத்தை எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். பேச்சு வராத மனிதர் கடையில் உட்கார்ந்து யாருக்கு எதை விற்பார் என்று அம்மா கேட்டதும் அவர் எழுந்து போய்விட்டார்.

இப்போது தறியில் நான் உட்காருகிறேன். எனக்கென்று ஒரு பாலிசி தேடியபோது, இந்தப் பதிவுகளில் உள்ளதையெல்லாம் ஒரே கேள்வியாக்கி, "சரிகை இழை தெரியாத அளவுக்கு நோயினால் கண் பார்வை குறைந்தால், முழுக் குருடாகாத நிலையில், பணம் தருவீர்களா?" என்று இரண்டு நிறுவனங்களுக்கு எழுத்தில் அனுப்பினேன். ஒன்று வண்ணப் படங்களோடு விளம்பரக் கையேட்டை அனுப்பியது. மற்றொன்று, தர மாட்டோம் என்று காரணத்தோடு இரண்டே வரியில் பதில் எழுதியது. விபத்துக் காப்பையும் வாரத்தொகைப் பிரிவையும் அந்த இரண்டாவது நிறுவனத்திடமே எடுக்கப்போகிறேன். நோய்க்கென்று, கையேடு அனுப்பியவர்களுக்குக் கட்டியிருக்கக்கூடிய பிரீமியத்தை அஞ்சலகத் தொடர்வைப்பில் மாதாமாதம் போடத் தொடங்கியிருக்கிறேன்.